பத்தாயிரத்துக்குக் கீழே

வெள்ளத்தாய்க்கு அந்தக் கட்சி ஜெயிக்க வேண்டும். ஆனால் ரொம்ப ஜெயித்துவிடக் கூடாது. எண்பதுகளில் ஒரு மார்கழி மாதம், விடிந்தும் விடியாத பொழுதில் ஆண்டாள் சந்நிதியில் ஈரத்தலையோடு நின்று அவள் கேட்டது இதைத்தான்.

“ஜெயிக்க வச்சிரு தாயி. பத்தாயிரத்துக்கு மேல மட்டும் போகவிடாத. நீ மனசுல நெனச்சவரைத்தான் கட்டுவேன்னு நின்னவ. உனக்கு நான் வெளக்கிச் சொல்ல வேண்டாம்.”

பக்கத்தில் நின்ற அரவிந்தவல்லி, கோயில் கைங்கரியக்காரர் வீட்டு அம்மாள், ஒரே தெருக்காரி, காதில் விழாத மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே வந்த பிறகு, ஆண்டாளிடம் இவ்வளவு கணக்காகக் கேட்டு இப்போதுதான் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

கணக்கு வந்த வழி இப்படி. வெள்ளத்தாயின் அண்ணன் உக்கிரபாண்டி, வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரத்தில் வயலும் தென்னந்தோப்புமாக இருக்கிறவர். தகப்பன் இல்லாத வீட்டில் தங்கச்சியை அவர்தான் வளர்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்ணுச்சாமிக்குக் கட்டிக் கொடுத்தார். பேறுகாலத்துக்கு வண்டி கட்டி வந்து அழைத்துப் போனார். பிறந்தது பெண் என்றதும், தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, இவள் என் வீட்டுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு ஒரே மகன் இருளப்பசாமி. அவன் இப்போது பட்டாளத்தில், வடக்கே எங்கோ பனி விழுகிற ஊரில் இருந்தான். தொட்டிலில் கிடந்த பரிபூரணம் ஆசிரியர் பயிற்சியில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். தை பிறந்ததும் கல்யாணம் என்று மாமன் சொல்லி அனுப்பியிருந்தார்.

இருளப்பசாமி மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பரிபூரணமும் சொல்லவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முன்னால் வந்து உட்கார்ந்து, நேராகச் சொன்னாள்.

“நான் டீச்சராகணும்மா. மாமா வீட்டுத் தொழுவத்தைப் பாத்துக்கிட்டு, வருசத்துக்கு ஒரு மாசம் லீவுல வாரவிகளுக்காகக் காத்துக்கிட்டு இருக்க என்னால ஏலாது.”

வெள்ளத்தாய் புடைத்துக்கொண்டே இருந்தாள். மகள் சொல்வதில் தப்பில்லை என்று தெரியும். அண்ணனிடம் போய் முறையை மறுத்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அவர்கள் சனத்தில் முறைப்பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்பது, உன் வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்பதற்குச் சமம். அப்படி முறிந்த குடும்பங்களை அவள் பார்த்திருக்கிறாள். இழவு வீட்டுக்குக்கூட வராமல், தெருமுனையில் நின்று அழுதுவிட்டுத் திரும்பிப் போன அண்ணன் தம்பிகள் உண்டு. மகளும் வேண்டும், அண்ணனும் வேண்டும். இரண்டையும் ஒரே கையில் பிடிக்க வழி தெரியாமல் வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

வழி வந்தது வத்திராயிருப்பு டீக்கடையில். உக்கிரபாண்டி ஆளுங்கட்சி. கட்சி என்றால் சாதாரணக் கட்சியல்ல, உயிர். கண்ணுச்சாமி ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்த்ததால் அங்கே தொழிற்சங்கத்தோடு சேர்ந்து எதிர்க்கட்சி ஆனவர். மச்சானும் மாப்பிள்ளையும் சந்தித்தால் முதல் ஐந்து நிமிஷம் நலம் விசாரிப்பு, பொறவு அரசியல். அன்று டீக்கடையில், போன தடவை பதினாறாயிரம் வித்தியாசத்தில் ஜெயித்தோம், இந்தத் தடவை இருபது என்று உக்கிரபாண்டி சொன்னார். பத்தைத் தாண்டினால் பெரிசு என்று கண்ணுச்சாமி சொன்னார். சுற்றி நின்றவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறி ஏற்றிவிட்டார்கள். உக்கிரபாண்டிக்கு மீசை துடித்தது.

“மாப்ளே, பத்தாயிரத்துக்கு ஒரு ஓட்டு கொறைஞ்சாலும் உம்ம மகளைப் பொண்ணு கேட்டு வாசப்படி ஏற மாட்டேன். முறையை விட்டுக் குடுத்தேன். எங்க வேணும்னாலும் குடும். தாண்டிருச்சுன்னா?”

“தையில மொத முகூர்த்தத்துல தாரேன் மச்சான். உங்க கட்சிக் கரை வேட்டியைக் கட்டிக்கிட்டு மணவறையில நிக்கேன்.”

கையில் கை அடித்தாகிவிட்டது. சாட்சிக்கு டீக்கடையே இருந்தது.

செய்தி கேட்ட அன்று வெள்ளத்தாய் புருஷனுக்குச் சோறு போடவில்லை. பெற்ற பிள்ளையைப் பந்தயத்தில் வைக்கிற மனுஷன் உண்டா என்று சுவரைப் பார்த்துப் பேசினாள். கண்ணுச்சாமி தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“வச்சது நானா? அவரா வச்சாரு. நீயும் நானும் கால்ல விழுந்து கேட்டாலும் அவரு வாயிலருந்து ‘முறையை விட்டுக் குடுத்தேன்’னு வருமா? யோசிச்சுப் பாரு.”

அவள் யோசித்துப் பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது. அண்ணன் தோற்றாலும் அது தேர்தலில் தோற்றது. தங்கச்சி முறை மறுத்தாள் என்று ஆகாது. யாருக்கும் தலைகுனிவு இல்லை. அன்றிலிருந்து அவளுக்கு அரசியலில் அக்கறை வந்தது.

அதுவரை அவளும் அண்ணன் கட்சிதான். ஓட்டுப் போடுகிற வயது வந்த நாள் முதல் அதே சின்னம். இப்போது குழாயடியில், ரேஷன் கடையில், பஸ்ஸில், யார் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டாள். கூமாப்பட்டிப் பக்கம் கண்மாய்த் தண்ணீர் திறக்கவில்லை என்று சம்சாரிகளுக்கு வருத்தம் என்றார்கள். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது. மறுநாளே ஆளுங்கட்சி வேட்பாளர் நேரில் போய்க் கும்பிட்டு மடை திறந்துவிட்டார் என்றார்கள். வார்த்த பால் திரிந்தது. பக்கத்து ராஜபாளையம் தொகுதியில் காற்று மாறிவிட்டது என்று கண்ணுச்சாமி மில்லிலிருந்து செய்தி கொண்டுவந்தார். அங்கே அடிக்கிற காற்று பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டி இங்கே அடிக்காதா என்று அவள் கேட்டாள். அடிக்கும், ஆனால் அதிகமாக அடித்தால் உன் கட்சியே தோற்றுவிடுமே, பரவாயில்லையா என்று அவர் சிரித்தார். அதற்கும் அவளுக்கு மனசில்லை. அண்ணன் முகம் தொங்குவதை அவளால் பார்க்க முடியாது.

ஓட்டுப் போடுகிற அன்று சாவடி மறைப்புக்குள் நின்று, முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, பழகிய சின்னத்தையே பார்த்தாள். வெளியிலிருந்து அதிகாரி, சீக்கிரம்மா என்றார். மகள் முகம் வந்து நின்றது. கண்ணை இறுக்கிக்கொண்டு, பழகாத சின்னத்தின் மேல் குத்தினாள். வீட்டுக்கு வந்து குளித்தாள்.

எண்ணிக்கை நாளன்று புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு, எண்ணுகிற பள்ளிக்கூடத்துக்கு எதிரே வேப்பமரத்தடிக்குப் போனாள். அண்ணனும் புருஷனும் உள்ளே இருந்தார்கள், ஆளுக்கு ஒரு கட்சி ஏஜெண்டாக. மரத்தடியில் அவளுக்கு முன்பே மதினி சுந்தரம்மாள் வந்து இடம் பிடித்திருந்தாள். மகாராஜபுரத்திலிருந்து கட்சி வேனில் வந்தவள். மதினிக்கு நாத்தனார் மனசுக்குள் ஓடுவது தெரியாது. மருமகளுக்கு எந்தக் கலரில் பட்டு எடுக்கலாம் என்று ஆரம்பித்தாள்.

“கத்திரிப்பூ கலரு அவளுக்கு எடுப்பா இருக்கும், என்னட்டி?”

“எண்ணி முடியட்டும் மதினி.”

அந்தக் காலத்தில் எல்லா ஊர்ச் சீட்டையும் பெட்டியிலிருந்து கொட்டிக் கலந்துதான் எண்ணினார்கள். எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று வெளியே தெரியக் கூடாது என்பதற்காக. கலந்து எண்ணுவதால் வித்தியாசம் குதிக்காது, சறுக்காது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறிக்கொண்டே போகும். ஒலிபெருக்கியில் சுற்றுக்குச் சுற்று சொன்னார்கள். முதல் சுற்றிலிருந்தே ஆளுங்கட்சிதான் முன்னால். மத்தியானத்துக்குள், கட்சி ஜெயித்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வெள்ளத்தாய்க்கு ஒரு பாரம் இறங்கியது. தான் குத்திய குத்தில் கட்சி விழுந்துவிடவில்லை. ஆனால் பக்கத்து டீக்கடைக்காரர் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதி எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு, இதே போக்கில் போனால் பத்தைத் தொடும், தொட்டும் தொடாமலும் நிற்கும் என்றார். அவள் தயிர்ச்சோற்றைத் தொடவேயில்லை.

கடைசிச் சுற்று முடிந்த பிறகு ஒலிபெருக்கி பேசாமல் இருந்தது. உள்ளே சத்தம் கேட்டது. செத்த நேரத்தில் கண்ணுச்சாமி டீ குடிக்கிற சாக்கில் வெளியே வந்தார். தோற்ற கட்சிக்காரர் முகம் மாதிரி இல்லை. சிரிப்பை அடக்க முடியாமல் துண்டால் வாயை மூடியிருந்தார்.

“ஒம்பதாயிரத்துச் சொச்சத்துல நிக்கிது. சந்தேகச் சீட்டுன்னு ஒரு கட்டைத் தனியா எடுத்து வச்சிருக்காக. இருநூறுக்கு மேல இருக்கும். அம்புட்டுலயும் முத்திரையே இல்ல. உங்க கட்சிச் சின்னத்து மேல குங்குமப் பொட்டு இருக்கு. எண்ணெயில குழைச்சு அழகா வச்சிருக்காக. அதைச் சேத்தா பத்தாயிரம் தாண்டிரும். செல்லாதுங்காரு அதிகாரி. உங்க அண்ணன் மேசையில ஏறாத கொறைதான்.”

பட்டுக் கலரை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த சுந்தரம்மாளுக்கு முகம் வெளுத்தது.

“அது செல்லாதா?” என்றாள்.

பிறகு மெதுவாக வந்தது கதை. சாவடியில் கொடுக்கிற மை மாய மை, குத்தி இரண்டு நாளில் அழிந்துவிடும், எண்ணும்போது சீட்டு வெறுமையாக இருக்கும் என்று தேர்தலுக்கு முன்னால் ஊரில் ஒரு புரளி. உக்கிரபாண்டி அதை அப்படியே நம்பினார். எதிர்க்கட்சியின் சூது என்று கொதித்தார். அழியாததாக என்ன இருக்கிறது என்று யோசித்து, ஆண்டாள் கோயில் குங்குமத்தை வாங்கி வந்து நல்லெண்ணெயில் குழைத்து, ஓட்டுப் போட டிராக்டரில் ஏறிய பொம்பளைகள் எல்லார் கையிலும் ஆளுக்குக் கொஞ்சம் தடவிவிட்டிருக்கிறார். முத்திரையும் குத்துங்க, காவலுக்குப் பக்கத்தில் பொட்டும் வையுங்க என்பது அவர் சொன்னது. டிராக்டர் கிளம்பிய பிறகு பெண்களை நடத்திக்கொண்டு போனது சுந்தரம்மாள்.

“அழியப்போற மையை எதுக்குக் குத்தணும்னு நான்தான் சொன்னேன்,” என்றாள் சுந்தரம்மாள். “புது மோட்டாரு வந்தாலும் பொட்டு, மாடு வாங்குனாலும் பொட்டு. நம்ம கட்சிக்குப் பொட்டு வச்சா கொறைஞ்சா போகும்னு நெனச்சேன். அவியகிட்ட சொல்லிராதீக.”

“சொல்ல என்ன இருக்கு மதினி? எந்த ஊருச் சீட்டுன்னு தெரியக் கூடாதுன்னு கலக்குதாக. மகாராஜபுரத்துச் சீட்டு அம்புட்டும் பொட்டு வச்சுக்கிட்டு வந்து உக்காந்திருக்கு,” என்று கண்ணுச்சாமி உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு உள்ளே நடந்ததை வந்து போனவர்கள் சொல்லித்தான் கேட்டார்கள். ஜெயித்த வேட்பாளருக்கு மாலை போட்டாகிவிட்டது. வெளியே வேட்டுக்காரன் தயாராக நிற்கிறான். உக்கிரபாண்டி மட்டும் மறுபடி எண்ணச் சொல்லி அதிகாரி முன்னால் நிற்கிறார். ஜெயித்த கட்சி ஏஜெண்டு மறுஎண்ணிக்கை கேட்பதை அந்த அதிகாரி தன் சர்வீஸில் பார்த்ததில்லையாம். தோற்ற கட்சி ஏஜெண்டு மறுஎண்ணிக்கை வேண்டாம், எங்களுக்குத் திருப்தி என்கிறாராம். வேட்பாளரே வந்து, அண்ணே, அதான் ஜெயிச்சாச்சே என்று தோளில் கை போட, உக்கிரபாண்டி அந்தக் கையைத் தட்டிவிட்டாராம். பொட்டு எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், மனசு தெரியவில்லையா என்று கேட்டாராம். மனசு தெரிகிறது, முத்திரை தெரியவில்லையே ஐயா என்று அதிகாரி சொன்னாராம். கட்டு செல்லாத பக்கம் போனது.

ஒலிபெருக்கி முடிவைச் சொன்னது. பத்தாயிரத்துக்கு நூற்று முப்பது குறைவு.

வெள்ளத்தாய் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். வேட்டு வெடித்தது, கொட்டு அடித்தது. சந்தோஷப்படவும் பயமாக இருந்தது. அண்ணன் வெளியே வருவதைப் பார்த்தாள். எல்லாரும் மாலையும் கொடியுமாக ஓட, அவர் ஒருவர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர்த் திசையில் மரத்தடிக்கு வந்தார். பின்னால் சற்றுத் தள்ளி கண்ணுச்சாமி. வந்தவர் உட்காரவில்லை.

“ஏட்டி, மோசம் பண்ணிட்டானுக. அந்தக் கட்டு நம்ம ஓட்டு. என் கையால குழைச்ச குங்குமம். அது சேந்தா பத்தாயிரம் தாண்டிருச்சு. உன் புருசன்கிட்டச் சொல்லு, நான் தோக்கல.”

கண்ணுச்சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெள்ளத்தாய் கையைக் காட்டி நிறுத்தினாள். இவர்கள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் தை வரைக்கும் ஓயாது, ஒன்று வழக்காகும் அல்லது பகையாகும். இத்தனை நாள் தொண்டையில் நின்றதை அவளே சொன்னாள்.

“அண்ணே, அந்தக் கட்டு உன் ஓட்டுதான். நான் இல்லேங்கல. நீ தாண்டிட்டேன்னு சொன்னா நான் தாண்டிட்டன்னு ஒத்துக்கிடுதேன். ஆனா பரிபூரணத்துக்குப் படிக்கணும்னு இருக்கு. இருளப்பனைக் கொறை சொல்லல, படிப்புதான் அவளுக்குப் பெரிசு. இதை உன்கிட்ட வேண்டாம்னு சொன்னா நீ எனக்கு இல்லாமப் போயிருவியேன்னு பயந்துதான் வாயத் தொறக்கல. பந்தயம் உங்க ரெண்டு பேருக்கு. எனக்கு அண்ணன் வேணும்.”

உக்கிரபாண்டி தங்கச்சியைப் பார்த்தார். மீசையை நீவினார். கொட்டுச் சத்தம் பக்கத்தில் வந்து தள்ளிப் போனது. சுந்தரம்மாள் தலையைக் குனிந்து புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“மைக்குல எம்புட்டுன்னு சொன்னான்?” என்று கேட்டார்.

“பத்தாயிரத்துக்கு நூத்தி முப்பது கொறைவுண்ணே.”

“எல்லாரு காதுலயும் விழுந்துச்சா?”

“விழுந்துச்சு.”

“அப்ப அம்புட்டுத்தான். மைக்குல சொன்னதுதான் வித்தியாசம்.” சற்றுத் தள்ளி நின்ற கண்ணுச்சாமி பக்கம் திரும்பினார். “மாப்ளே, முறையை விட்டுக் குடுத்தேன். உக்கிரபாண்டி சொன்ன சொல்லு மாறுனான்னு டீக்கடையில எவனும் பேசக் கூடாது.”

“பேச மாட்டாக மச்சான்.”

“பயகிட்ட நான் லெட்டர் போட்டுக்கிடுதேன். அவன் ஒண்ணும் அழ மாட்டான்.” பிறகு தங்கச்சியிடம், குரலை இறக்கி, “ஆனா ஒண்ணு. அவளுக்கு எவன் மாப்பிள்ளையா வந்தாலும் மாமன் சீரு என் வீட்டுலருந்துதான் வரும். அதுல எவனும் குறுக்க வரக் கூடாது.”

“உன்னை விட்டா யாருண்ணே?”

“அதைச் சொல்லு,” என்றார் அவர். அப்புறம்தான் உட்கார்ந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். வெள்ளத்தாய் இலையைப் போட்டுப் புளியோதரையை வைத்தாள். தின்றுகொண்டே, இந்தப் பொட்டு வேலையை எவள் ஆரம்பித்தாள் என்று ஊருக்குப் போய் விசாரிக்கப்போவதாகச் சொன்னார். முத்திரை குத்தாமல் வெறும் பொட்டு வைக்கச் சொன்னவள் கையை ஒடிக்க வேண்டும் என்றார். சுந்தரம்மாள் அவர் இலையில் இன்னும் இரண்டு கரண்டி வைத்து, முதலில் சாப்பிடுங்க என்றாள். கண்ணுச்சாமிக்குப் புரையேறியது.

வேட்பாளரின் ஊர்வல லாரி திரும்பி வந்து மரத்தடியில் நின்றது. பையன்கள், அண்ணாச்சி இல்லாமல் லாரி நகராது என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். கை கழுவிக்கொண்டு, வேண்டாவெறுப்பாகப் போகிறவர் மாதிரி போய், டிரைவர் பக்கத்தில் ஏறினார். மேலே வாங்க, மேலே வாங்க என்று கத்தினார்கள். ஒன்பதாயிரத்துச் சொச்சத்துக்கு மேலே எதற்கு, கீழேயே இருக்கிறேன் என்று அவர் சொன்னதற்கு அத்தனை பேரும் சிரித்தார்கள். லாரி ரத வீதி திரும்புவதற்குள் அவரும் மேலே ஏறிவிட்டதை வெள்ளத்தாய் பார்த்தாள். கொட்டுக்கு ஏற்ற மாதிரி துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

மதினியை வேனில் ஏற்றிவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் வீட்டுக்கு நடந்தார்கள். அவர் தோற்றுவிட்டார் என்ற நினைவே அவளுக்கு அப்போதுதான் வந்தது. உங்க கட்சி போச்சே, வருத்தமில்லையா என்று கேட்டாள். வருத்தம்தான், ஆனால் போன தடவைக்கு இந்தத் தடவை ஆறாயிரத்துக்கு மேல் குறைத்திருக்கிறோம், அடுத்த தடவை பார் என்றார். அடுத்த தடவை எவரோடும் எதற்கும் கை அடிக்கக் கூடாது என்று அவள் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் பரிபூரணம் நின்றுகொண்டிருந்தாள். வேட்டுச் சத்தம் கேட்டிருக்கிறாள், யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்திருக்கிறது. அதற்கு மேல் தெரியவில்லை. அம்மா முகத்தையே பார்த்தாள்.

“ஒம்பதாயிரத்துச் சொச்சம்,” என்றாள் வெள்ளத்தாய்.

மகள் படி இறங்கிக் கிட்ட வந்தாள்.

“மாமாவுக்குக் கோவமாம்மா?”

“லாரி மேல ஏறி ஆடிக்கிட்டுப் போறாக. போ, போய்ப் புஸ்தகத்தை எடுத்து வச்சுப் படி.”

பரிபூரணம் உள்ளே போனாள். போன வேகத்திலேயே திரும்பி வந்து, அம்மாவின் கையிலிருந்த தயிர்ச்சோற்றுத் தூக்கை வாங்கித் திறந்து பார்த்தாள். அப்படியே இருந்தது. இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து, காலையில் பிசைந்த அந்தச் சோற்றைத் தூக்கிலிருந்தே வழித்துச் சாப்பிட்டார்கள். கொஞ்சம் புளித்திருந்தது. நன்றாகவே இருந்தது.